கடலோரச் சாலையில் கட்டுச்சோறு

"எங்க போனாலும் எனக்கு முன்னாடி என் அடுப்பு வண்டியில ஏறி உக்காந்துக்குது, டீச்சர்."

அம்மாவின் குரல்தான். அடுக்குமாடியில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் காற்றுக்காக விட்ட டக்ட் வழியாக வந்தது. சிந்துஜா சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, கால்களை நீட்டிக்கொண்டு, புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நாளை விடியற்காலையில் ஊருக்குக் கிளம்ப வேண்டும். வீட்டுச் சாவியைக் கொடுத்து, துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அம்மா எதிர்வீட்டு டீச்சரிடம் போய்க் கொஞ்ச நேரமாகிறது. அந்த வீட்டுச் சமையலறையும் இந்த வீட்டுச் சமையலறையும் ஒரே டக்டைப் பார்த்து ஜன்னல் வைத்தவை. அங்கே அப்பளம் பொரிந்தால் இங்கே கேட்கும், இங்கே பால் பொங்கினால் அங்கே தெரியும். டீச்சர் சிரித்தது கேட்டது. வாயைத் திறந்து வீட்டில் சொல்ல வேண்டியதுதானே என்று டீச்சர் கேட்டாள். யாரிடம் சொல்வது, அவருக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, பெண்ணோ வாயே திறக்க மாட்டாள் என்றாள் அம்மா. அதற்கப்புறம் டீச்சர் வீட்டு மிக்ஸி ஓடத் தொடங்கி மீதியை அரைத்துவிட்டது. அடுப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சிந்துஜாவுக்கு அது உடனே தெரிந்தது, பின் சீட்டில் ஜன்னலோரமாக, பெல்ட் போட்டுக்கொண்டு, இரண்டு பர்னரும் இரண்டு கண்ணாக வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிற அடுப்பு. சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தபோது சிரிப்பு எதிலோ மாட்டிக்கொண்டது, விரலுக்கும் கொட்டைக்கும் நடுவில் புளியின் நார் மாட்டிக்கொள்கிற மாதிரி. அம்மாவா? அம்மாவா அப்படிச் சொன்னாள்? ஊருக்குப் போவதென்றால் மூன்று நாளைக்கு முன்பே நல்லெண்ணெய் வாங்கி வைக்கிற அம்மா, வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி டப்பாவில் போட்டு யாரும் தொடக்கூடாது என்று சொல்கிற அம்மா, புளியோதரைக்குப் புளி போதவில்லை என்றால் ஊர்ப் பயணமே போதவில்லை என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிற அம்மா.

நாளைக்குப் போகிற பயணத்தை நினைத்தாலே சிந்துஜாவுக்கு வயிற்றுக்குள் ஒரு மீன்குஞ்சு திரும்பிப் படுக்கும். தூத்துக்குடியில் பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம். மற்ற சொந்தக்காரர்கள் எல்லாம் திருச்சி, மதுரை என்று நேர்கோட்டில் போய்ச் சேர்வார்கள். இவர்கள் மட்டும் இந்தத் தடவை கடலை விட்டு விலகாமல், கடலுக்குக் கை கொடுத்துக்கொண்டே போவதாக ஏற்பாடு. ஏற்பாடு அவளுடையது. வாயால் சொல்லவில்லை, அவளுக்கு வாயால் சொல்ல வராது. வீட்டு வாட்ஸப் குழுவில் வரைபடத்தைப் போட்டாள். கோவளத்தில் தொடங்கி, மரக்காணம், புதுச்சேரி, பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி, நாகூர், வேதாரண்யம், மனோரா, தொண்டி, கீழக்கரை என்று நீல விளிம்பு நெடுக நட்சத்திரங்கள். அப்பா கட்டைவிரல் போட்டார். அம்மா கைகூப்பிய படம் போட்டாள். ஒவ்வோர் ஊருக்கும் பக்கத்தில் அங்கே என்ன பார்க்கலாம் என்று எழுதியிருந்தாள். ஆலம்பரைக் கோட்டை, உப்பளம், டேனிஷ் கோட்டை, தர்கா மினாரா, மனோரா கோபுரம். எல்லாம் உண்மைதான், பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கோட்டைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. ஆலம்பரைக்குப் பக்கத்துக் கடப்பாக்கத்தில் கீற்றுக் கொட்டகைக்குள் ஒரு பெண்மணி மதியம் மட்டும் மீன் குழம்பு ஊற்றுகிறாள், தீர்ந்ததும் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். மனோராவைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச தூரம் வந்தால் நண்டு மசாலாவை வாழையிலையில் குவித்து வைக்கிற ஒரு கடை. கீழக்கரையில் தொதல் அல்வா, கருப்பாக, பளபளவென்று, தேங்காய்ப்பால் எண்ணெய் மேலே கசிந்து நிற்கிற தொதல், அதை வெட்டும்போது கத்தி கொஞ்சம் தயங்கித்தான் இறங்குமாம். இதெல்லாம் அலுவலகத்தில் மதிய வேளையில் காதில் ஒயரைச் சொருகிக்கொண்டு, தன் டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே வீடியோ பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. உண்மையில் அவள் போட்ட வரைபடத்தில் ஒரு கோட்டைகூட கோட்டைக்காகப் போடப்பட்டதில்லை. சாப்பாட்டுக்குத்தான் கோட்டை காவல் நின்றது. இவ்வளவு தந்திரமாகச் செய்துவிட்டு, இப்போது உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் புளி ஊறிக் கரைந்து வாணலியில் ஏறி எண்ணெய் பிரிந்துவிட்டால் முடிந்தது. சாதம் கலந்து பெரிய தூக்கில் அமுக்கி வைத்துவிடுவாள் அம்மா. கூடவே மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, வறுத்த உருளைக்கிழங்கு, தயிர் சாதம், அதில் புளிக்காமல் இருக்கப் பால். நாளைக்கும் கடப்பாக்கத்துக் கொட்டகைக்கு எதிரில் புளியமர நிழலில் காரை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு புளியோதரை சாப்பிடுவார்கள். கொட்டகையிலிருந்து காற்று இந்தப் பக்கமாக அடிக்கும்.

நாகூரில் அப்படித்தான் அடித்தது. அப்போது அவள் ஆறாம் வகுப்பு. வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழி, சாயங்காலம், வானம் கடல் பக்கமாக மட்டும் சிவந்திருந்தது என்று அவளுக்கு ஞாபகம், ஆனால் அது கிழக்குக் கடற்கரை, சாயங்காலம் கடல் பக்கம் எப்படிச் சிவக்கும், ஒருவேளை சிவந்திருந்தது அந்தக் கடை அடுப்பாக இருக்கலாம். அகலமான வாணலி. அரிசி மாவைத் தட்டையாகத் தட்டி, நடுவில் ஓர் இறாலைப் பதித்து எண்ணெயில் விட்டார்கள். வாடா என்று எழுதியிருந்தது. வடை என்று எழுதப் போய்க் கால் போட்டுவிட்டார்களோ என்று அவள் நினைத்தாள், இல்லை, பெயரே அதுதான். எண்ணெயில் விழுந்ததும் ஒரு சத்தம், மழை தொடங்குகிற சத்தம். வெங்காயமும் சோம்பும் கடலும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது, அப்படியொரு வாசனை உலகத்தில் இருக்கிறது என்று அதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை. நிழலுக்காக அப்பா காரைச் சரியாக அந்தக் கடைக்கு எதிரில் நிறுத்தினார். நிழலுக்காகத்தான் என்று சொன்னார், ஆனால் சூரியன்தான் இறங்கிவிட்டதே. அம்மா தூக்கைத் திறந்தாள். புளியோதரை. மூன்று பேரும் சாப்பிட்டார்கள், எதிரில் ஊரே நின்று வாடாவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. ஒரு பையன் இறாலைக் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்துச் சுற்றிலும் கடித்துக்கொண்டே போனான். அப்பா அந்தக் கடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்பாவுக்குக் கோபம், சுத்தமில்லாத கடை என்று முறைக்கிறார் என்று அவள் அப்போது நினைத்தாள். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் ஞாபகம் இருக்கிறது. எதற்காகப் பார்த்தாள் என்று அன்று யோசிக்கவில்லை. பிறகு அப்பா எப்போதும் சொல்கிறதைச் சொன்னார், உன் கைச் சாப்பாடு இருக்கும்போது வெளியில் எதற்கு என்று. அம்மா இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.

அந்த வாக்கியம் இந்த வீட்டில் ஒரு மேஜை மாதிரி. யார் வாங்கினார்கள், எப்போது வந்தது என்று தெரியாது, நடுவில் கிடக்கும், எல்லாரும் சுற்றிக்கொண்டு போவார்கள். கொட்டையொன்று வழுக்கிக்கொண்டு ஓடி மேடைக்கு அடியில், சிலிண்டருக்குப் பக்கத்தில் போய் நின்றது. எட்டி எடுத்தாள். ரெகுலேட்டரில் கை பட்டது. நாளைக்குக் காலையில் எல்லாம் முடிந்து, செருப்பெல்லாம் போட்ட பிறகு, அம்மா கடைசியாக உள்ளே வந்து இதைத் திருகி மூடுவாள். ரெகுலேட்டரை மூடினால்தான் ஊருக்குப் போவதாக அர்த்தம். அப்படி மூடியும் தாம்பரம் தாண்டியதும் மூடினேனா என்று கேட்பாள், ஒரு தடவை அந்தக் கேள்வி தாங்காமல் அப்பா செங்கல்பட்டிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார், மூடித்தான் இருந்தது, வந்ததுதான் வந்தோம் என்று அம்மா மூன்று பேருக்கும் காப்பி போட்டாள், போட்டுவிட்டு மறுபடியும் மூடினாள், மறுபடியும் தாம்பரத்தில் கேட்டாள். அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டே போனார். அப்பா எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை. கிண்டி விஷயத்தையும் அவர் சொல்லவில்லை. போன மாதம், சாயங்காலம், அலுவலகப் பேருந்து கிண்டி சிக்னலில் நின்றபோது நடைபாதைத் தள்ளுவண்டிக் கடையில் ஒருவர் நின்றுகொண்டே பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்ததைச் சிந்துஜா பார்த்தாள். முதலில் யாரோ ஒருவர் என்றுதான் பார்த்தாள். அவ்வளவு அழகாகச் சாப்பிட்டார் அந்த ஒருவர். பரோட்டாவை விரல்களால் பிய்த்து, சால்னாவில் அமுக்கி, அது ஊறுவதற்குக் கொஞ்சம் பொறுத்து, தலையைச் சாய்த்துக்கொண்டு வாய்க்குள் வைத்தார். நெற்றியில் வேர்வை. கண் பாதி மூடியிருந்தது. அப்புறம்தான் அந்தச் சட்டை தெரிந்தது, அவள் இஸ்திரி போட்ட சட்டை. ஜன்னலைத் தட்டலாம் என்று கை போனது. போன கை நின்றுவிட்டது. தனியாகப் பாடிக்கொண்டிருக்கிற ஒருவரைக் கூப்பிடுவது மாதிரி இருக்கும் அது. சிக்னல் விழுந்தது, பேருந்து போய்விட்டது. இரவு அப்பா வந்து கைகால் கழுவி, அம்மா வைத்த ரவா உப்புமாவை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு அந்த வாக்கியத்தைச் சொன்னார். எப்படிச் சாப்பிட்டாரோ. அன்றிலிருந்து சிந்துஜாவின் கணக்கு இப்படித்தான் ஓடியது: பாவம் அப்பா, அம்மாவுக்காகச் சாப்பிடுகிறார், அம்மாவுக்குச் சமைத்துக் கட்டிக்கொண்டு போவதில்தான் சந்தோஷம், அதைக் கலைக்க யாருக்கு மனசு வரும்.

இப்போது டக்ட் வழியாக மறுபாதி வந்துவிட்டது. அம்மா அப்பாவுக்காகச் சமைக்கிறாள், அப்பா அம்மாவுக்காகச் சாப்பிடுகிறார், நடுவில் யாருக்கும் வேண்டாத ஒரு தூக்குப் புளியோதரை தமிழ்நாடு முழுவதும் சுற்றி வந்திருக்கிறது, திருவண்ணாமலை, குற்றாலம், ஏற்காடு, வேளாங்கண்ணி. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் என்ன வாசனை அது என்று அம்மா நின்றாளே, பேக்கரியிலிருந்து வெண்ணெய் வாசனை வந்தபோது. நின்று, மூச்சை இழுத்து, பழைய எண்ணெயாக இருக்கும் என்று சொல்லிவிட்டு நடந்தாளே. பேக்கரியில் ஏது பழைய எண்ணெய். இதை வைத்துக்கொண்டு சிந்துஜா என்ன செய்வது? தெரிந்தவள் இவள் ஒருத்திதான். இரண்டு பாதியும் இவள் மடியில், புளியோடு சேர்ந்து. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என்ன வாக்கியம்? அம்மா, வெளியில் சாப்பிடலாமா. இல்லை, அது கேள்வி, கேள்வி கேட்டால் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பதில் ரெடியாக இருக்கிறது. அம்மா, நீ பேசியது கேட்டது. ஐயோ, ஒட்டுக்கேட்டதாகிவிடும். வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காமல் உட்கார்ந்திருப்பாள், நெஞ்சு மட்டும் கை தூக்கிக்கொண்டு அடித்துக்கொள்ளும், வேறு யாராவது சொல்லிவிட்டால் அப்பாடா என்றிருக்கும், கூடவே துக்கமாகவும் இருக்கும். அலுவலகத்தோடு வெளியே சாப்பிடப் போனால் அண்ணா என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட வராது, அவர் நாலு தடவை கடந்து போவார், பக்கத்திலிருப்பவர்கள் சொன்னதையே எனக்கும் என்று சொல்லிவிடுவாள். சரி, இவள் சொல்லி, எல்லாரும் சரியென்று, வெறுங்கையோடு கிளம்பிவிட்டால்? தொண்டி பக்கத்தில் அப்பாவுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டால்? உப்பும் வெயிலும் தவிர வேறொன்றும் இல்லாத ரோட்டில் ஓம வாட்டருக்கு எங்கே போவது. பார், உன் பேச்சைக் கேட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதுதான் இன்னும் மோசம். அல்லது இப்படி நடக்கும்: நாகூரில் கடை முன்னால் மூன்று பேரும் போய் நிற்பார்கள், அப்பா அம்மா கேட்கட்டும் என்று நிற்பார், அம்மா அப்பா கேட்கட்டும் என்று நிற்பாள், சிந்துஜாவுக்கு அண்ணா வராது. வாணலியில் வாடா திரும்பிக்கொண்டே இருக்கும். கடைசியில் மூன்று பேரும் மரியாதையாகக் காருக்குத் திரும்பி வந்து பசியோடு வேதாரண்யம் நோக்கிப் போவார்கள். அதை நினைத்ததும் பயத்துக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது, தனியாக, தரையில், புளிக்கையோடு. அப்படிப் பசியோடு நின்றாலும் பரவாயில்லை. ஜன்னலை இறக்கிவிட்டு உப்புக்காற்று முகத்தில் அடிக்க, மரக்காணத்தில் உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்க, அம்மா மடியில் தூக்கு இல்லாமல் கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடிக்கிறாள். அம்மா மடியில் எதுவும் இல்லாமல் காரில் உட்கார்ந்து சிந்துஜா பார்த்ததே இல்லை. அந்த மடி மட்டும் அவள் கண்ணிலேயே நின்றது, காலியாக, புடவை காற்றில் படபடத்துக்கொண்டு.

மிக்ஸி நின்றது. எதிர்வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம், இங்கே கதவு திறக்கிற சத்தம், கொலுசு இல்லாத அம்மாவின் காலடி. இன்னுமா எடுக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே அம்மா பெரிய வாணலியை அலமாரியிலிருந்து இறக்கி அடுப்பில் வைத்தாள். புளியைக் கையில் அள்ளிப் பார்த்தாள், வெந்நீரில் போட்டால் சீக்கிரம் ஊறிவிடும் என்றாள், இதை முடித்துவிட்டுத்தான் ராத்திரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றாள். நல்லெண்ணெய் பாட்டிலின் மூடியைத் திருகினாள். எண்ணெய் ஊற்றினால் அவ்வளவுதான். வாசலில் கார் சாவி சத்தம். அப்பா டயருக்குக் காற்றடித்துவிட்டு வந்து, சமையலறை வாசலில் நின்று, சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தார். வாணலியைப் பார்த்தார். வாய் துடைத்துக்கொண்டு, "ஆரம்பிச்சாச்சா? உன் கைச் சாப்பாடு இருக்கறப்ப வெளில எதுக்கு" என்றார். அம்மா சிரித்தாள். சந்தோஷம் என்று இத்தனை வருஷமும் சிந்துஜா நினைத்திருந்த அதே சிரிப்பு, ஆனால் இன்று அவள் தரையிலிருந்து பார்த்தாள், கீழேயிருந்து பார்க்கும்போது அது உதட்டோடு நின்றுவிட்டது தெரிந்தது. நெஞ்சு கை தூக்கிக்கொண்டு அடித்தது. இந்த வகுப்பில் இந்த விடையைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

"அம்மா, இந்தத் தடவ அடுப்பு இங்கயே இருக்கட்டும்."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அம்மா பாட்டிலைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தாள், பிறகு மெதுவாகத் திரும்பி டக்ட் ஜன்னலைப் பார்த்தாள். அப்பாவுக்குப் புரியவில்லை, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். தொடங்கியது தொடங்கியாயிற்று, இனி நின்றால் மறுபடி வராது என்று சிந்துஜா புளியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அம்மாவுக்கு வழியில வாங்கிச் சாப்பிடணும்பா. சமைச்சுக் கட்டிக்கிட்டு வர வேண்டாம். உங்களுக்கும் அதான் இஷ்டம். கிண்டி சிக்னல்ல நான் பஸ்ல இருந்தேன்."

மறுபடி சொம்பைத் தூக்கியிருந்த அப்பாவுக்குப் புரையேறியது. அம்மா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவர் தலையில் தட்டினாள், தட்டிக்கொண்டே கிண்டி சிக்னலில் என்ன என்று கேட்டாள். அப்பா சொம்பைப் பார்த்தார். சொம்பு காலி. ரெண்டு பரோட்டா என்றார், சும்மா, ரெண்டே ரெண்டு. ரெண்டுதானா என்று அம்மா மகளைக் கேட்டாள், தான் எண்ணவில்லை என்றாள் மகள். என்றைக்கு என்று அம்மா கேட்டாள். உப்புமா அன்றைக்கு என்று அப்பா ஒத்துக்கொண்டார். அதற்கு மேலேயா அந்த உப்புமா முழுவதையும் சாப்பிட்டீர்கள் என்று அம்மா கேட்டபோது அவள் குரலில் கோபம் வரப் பார்த்து, வழி தெரியாமல் நின்றது. நீ செய்து வைத்திருந்தாயே என்றார் அப்பா. அம்மா அவர் கையிலிருந்து சொம்பை வாங்கி மேடையில் வைத்தாள். எதிர்வீட்டில் எல்லாச் சத்தமும் நின்றிருந்தது. டீச்சர் ஜன்னலோரம் வந்திருக்க வேண்டும்.

"நாகூர்ல," என்றாள் அம்மா, "ஒரு வார்த்த கேப்பீங்களான்னு நான் உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தேன்."

"நான் தூக்கு எப்ப காலியாகும்னு பாத்துக்கிட்டிருந்தேன், வசுமதி. நீதான் இன்னொரு கரண்டி வெச்ச."

சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. அம்மா அவளை முறைத்தாள், அப்பாவை முறைத்தாள், வாணலியையும் முறைத்தாள். அதை எடுத்து அலமாரியில் திரும்பக் கவிழ்த்தாள். கொட்டை எடுத்த புளியை ஜாடியில் போட்டு மூடினாள், வாடாவுக்குத் தொட்டுக்க என்ன தருவார்கள் என்று யாரிடமும் இல்லாமல் கேட்டாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, அது சரி, இப்போது ராத்திரிக்கு என்ன என்று கேட்டார்.

அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிச் சொருகிக்கொண்டு குனிந்து, மேடைக்கு அடியில் கையை விட்டு, ரெகுலேட்டரைத் திருகி மூடினாள்.